பல்பை மாற்றும் முன் கவனியுங்கள்: எல்இடி, ஸ்மார்ட் விளக்குகளில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

வீட்டுக்குப் புதிய எல்இடி விளக்குகள் போட்ட முதல் இரவு, அம்மா மாத்திரை டப்பாவை எடுத்துக்கொண்டு ஹாலிலிருந்து வராந்தாவுக்குப் போனார். அங்கே மட்டும்தான் பழைய குண்டு பல்பு மிச்சம் இருந்தது. ஹாலில் முன்பைவிட இரண்டு மடங்கு வெளிச்சம். ஆனாலும், “எது சிவப்பு, எது பழுப்பு என்று உள்ளே தெரியவில்லை” என்றார். நானும் இரண்டு மாத்திரைகளை வாங்கி ஹால் விளக்கின் கீழ் பிடித்துப் பார்த்தேன். இரண்டும் ஒரே மங்கிய செங்கல் நிறத்தில் இருந்தன. வராந்தாவில் பார்த்தபோது ஒன்று நல்ல சிவப்பு, மற்றது பழுப்பு.

அதன் பிறகு அந்த வீட்டின் விளக்குகளை அறை அறையாக மறுபடி மாற்றினேன். உறவினர்கள், நண்பர்கள் வீடுகளிலும் மாற்றிக் கொடுத்திருக்கிறேன். எங்கும் திரும்பத் திரும்பக் காணும் தவறுகளுக்கு ஏறக்குறைய ஒரே வேர்தான். கடையில் நிற்கும்போது பல்பை மட்டும் பார்க்கிறோம். அந்த வெளிச்சம் விழப்போகும் இடத்தையும், அதன் கீழ் உட்காரப்போகும் ஆளையும், சுவருக்குள் ஓடும் ஒயரையும் யோசிப்பதில்லை.

வாட்டைப் பார்த்து வாங்குவது

வாட் என்பது பல்பு இழுக்கும் மின்சாரத்தின் அளவு. வெளிச்சத்தின் அளவு லூமென். குண்டு பல்பு காலத்தில் இரண்டும் ஒன்றையொன்று ஒட்டியே போனதால் வாட்டைச் சொன்னாலே வெளிச்சம் புரிந்தது. எல்இடியில் அப்படி இல்லை. ஒரே 9 வாட்டில் ஒரு பல்பு 720 லூமென் தரும், இன்னொன்று 950 லூமென் தரும். பழைய 40 வாட் குண்டு பல்பின் வெளிச்சம் சுமார் 450 லூமென், 60 வாட்டுக்கு சுமார் 800, 100 வாட்டுக்கு சுமார் 1600. இந்த மூன்று எண்களை நினைவில் வைத்துக்கொண்டால் எந்த அட்டைப்பெட்டியையும் படித்துவிடலாம்.

அறைக்கு எவ்வளவு வேண்டும் என்பதற்கு எளிய கணக்கு உண்டு. ஒரு சதுர மீட்டரில் ஒரு லூமென் விழுந்தால் அது ஒரு லக்ஸ். உட்கார்ந்து பேசும் அறைக்கு 150 லக்ஸ் அளவில் போதும். படிக்கவோ காய்கறி நறுக்கவோ அந்த இடத்தில் மட்டும் 300 முதல் 500 வரை தேவை. 12 சதுர மீட்டர் ஹாலுக்கு 150 லக்ஸ் என்றால் 1800 லூமென். விளக்கின் கண்ணாடி மூடியும் அடர்நிறச் சுவரும் ஒரு பங்கை விழுங்கிவிடும் என்பதால் ஏறத்தாழ 2500 என்று வைத்துக்கொள்ளுங்கள். அதையும் ஒரே பல்பில் கொட்டாமல் மூன்று நான்கு இடங்களில் பிரித்து வைத்தால் கண் கூசாது.

வீடு முழுக்க ஒரே வெள்ளை

வெளிச்சத்தின் சாயலைச் சொல்லும் எண் கெல்வின்; குறைந்தால் மஞ்சள், கூடினால் நீலம் கலந்த வெள்ளை. கடையில் 6500 கெல்வின் பல்பை எரியவிட்டுக் காட்டினால் பளிச்சென்று இருக்கும். பக்கத்திலிருக்கும் 3000 கெல்வின் பல்பு அழுது வடிவதுபோல் தோன்றும். அந்த ஒரு நிமிடப் பார்வையை நம்பி வீடு முழுக்க நீலம் கலந்த வெள்ளையைப் போட்டுவிடுகிறார்கள். நம் கண்ணில், உருவங்களைக் காண்பதற்கு அல்லாமல் இது பகலா இரவா என்று உடலுக்குச் சொல்வதற்கென்றே சில செல்கள் உள்ளன. அவை 480 நானோமீட்டர் அலைநீளத்தை ஒட்டிய நீல ஒளிக்கே அதிகம் விழிக்கின்றன. வெள்ளை எல்இடி பெரும்பாலும் நீல எல்இடியின் மேல் பாஸ்பர் என்னும் மஞ்சள் பூச்சைப் பூசி உருவாக்கப்படுவது. 2014ஆம் ஆண்டு இயற்பியல் நோபல் பரிசு ஜப்பானில் பிறந்த மூன்று விஞ்ஞானிகளுக்குக் கிடைத்தது அந்த நீல எல்இடிக்காகத்தான். கெல்வின் எண் ஏற ஏற வெளிச்சத்தில் நீலத்தின் பங்கும் ஏறுகிறது. எனவே படுக்கையறைக்கும் இரவில் உட்காரும் இடத்துக்கும் 2700 அல்லது 3000, சமையலறைக்கும் வேலை மேசைக்கும் 4000 என்று வைத்துக்கொள்வது என் பழக்கம். 6500 கெல்வினுக்கு வீட்டுக்குள் நல்ல இடம் ஒன்று எனக்கு இதுவரை தென்படவில்லை.

ஒரே பார்வையில் படும் விளக்குகளில் கெல்வினைக் கலக்காதீர்கள். ஒன்று மஞ்சள், ஒன்று வெள்ளை, ஒன்று நீலம் என்று சீலிங்கில் இருந்தால் சுவரின் வண்ணமே மூன்றாகத் தெரியும். ஒரே நேரத்தில் கூடுதலாக ஓரிரண்டு பல்புகளை வாங்கி வைத்துவிடுங்கள். அதே மாதிரி பல்பு பின்னால் கிடைத்தாலும் நிறம் சற்று மாறியிருக்கலாம்.

அம்மாவின் மாத்திரைகள் ஒன்றுபோல் தெரிந்ததற்குக் காரணம் வேறு. நிறங்களை எவ்வளவு உண்மையாகக் காட்டுகிறது என்பதைச் சொல்லும் எண் சிஆர்ஐ. நூற்றுக்கு 80 என்பது சாதாரண பல்புகளில் காணப்படுவது. ஆனால் அந்த எண் எட்டு வெளிறிய நிறங்களின் சராசரி மட்டுமே. அடர் சிவப்பு அந்த எட்டில் கிடையாது. அதற்கு ஆர்9 என்று தனியாக ஓர் அளவு இருக்கிறது. சிஆர்ஐ 80 வாங்கியும் சிவப்பில் படுமோசமாக இருக்கும் பல்புகள் உண்டு. சமையலறை மேடை, முகம் பார்க்கும் கண்ணாடி, துணி அலமாரி, மருந்து எடுக்கும் இடம் ஆகிய நான்கிலும் சிஆர்ஐ 90க்குக் குறையாமல், ஆர்9 எண்ணையும் அச்சிட்டிருக்கும் பல்பைத் தேடுங்கள். விலை சற்று அதிகம்தான். ஆனால் எல்லா இடத்துக்கும் அது வேண்டியதில்லை. சாப்பாட்டு மேசைக்கு மேலே அப்படி ஒன்றைப் போட்ட பிறகு அம்மா வராந்தாவுக்குப் போவதில்லை.

நிழல் யார் மேல் விழுகிறது?

சமையலறை சீலிங்கின் நடுவில் ஒற்றை விளக்கு. மேடையை நோக்கி நின்றால் முதுகுக்குப் பின்னால் வெளிச்சம், கைகளின் மேல் நம் நிழல். கத்தி இறங்கும் இடம்தான் வீட்டிலேயே இருட்டான இடம். அந்த விளக்கை எவ்வளவு பெரிதாக்கினாலும் நிழல் கறுப்பாகுமே தவிர விலகாது. மேல் அலமாரியின் அடியில், முன் விளிம்பை ஒட்டி ஒரு மெல்லிய விளக்கு போதும். கண்ணாடிக்கும் இதே கதைதான். தலைக்கு மேலிருந்து விழும் ஒளி கண்குழியிலும் மூக்கின் கீழும் நிழல் போடும். இரு பக்கமும் முக உயரத்தில் விளக்கு இருந்தால் முகம் முழுதாகத் தெரியும்.

சீலிங்கில் கட்டம் போட்டு வரிசையாக டவுன்லைட் பதிப்பது இப்போது பெரிய மோகம். பொருள்கள் எங்கே வரும் என்று தெரியாமலே வரைந்த கட்டம் அது. படுத்தால் தலையணைக்கு நேர் மேலே ஒன்று கண்ணைக் குத்தும். முதலில் கட்டில், மேசை, நாற்காலி, டிவி எல்லாவற்றையும் தாளில் வரையுங்கள். விளக்கை அதன் பிறகு வரையுங்கள்.

‘எல்இடி சூடாகாது’ என்ற நம்பிக்கை

ஒளி விழும் பக்கம் கை வைத்தால் சுடாது. அடிப்பாகம் சுடும். அங்கேதான் டிரைவர் என்னும் சிறு மின்சுற்று இருக்கிறது. அதிலுள்ள கெபாசிட்டர் வெப்பத்தில் உலர்ந்து போவதுதான் பல பல்புகளின் மரணத்துக்குக் காரணம். காற்று புகாத கண்ணாடிக் கூண்டுக்குள் சாதாரண பல்பைப் போட்டு, “25,000 மணி நேரம் என்று எழுதியிருந்தார்களே” என்று வருத்தப்படுவதில் பயனில்லை. தினமும் 5 மணி நேரம் எரிந்தால் அந்தக் கணக்கு 13 ஆண்டுகளைத் தாண்டும். ஆனால் கூண்டுக்குள் அது நடக்காது. மூடிய விளக்குக்கு உகந்தது என்று குறிப்பிட்டிருக்கும் பல்பையே அங்கே போட வேண்டும். குளியலறைக்கும் வெளிச்சுவருக்கும், நீரையும் தூசியையும் எவ்வளவு தாங்கும் என்று சொல்லும் ஐபி எண்ணைப் பாருங்கள். தெறிக்கும் நீருக்கு ஐபி44, பீய்ச்சும் நீருக்கு ஐபி65.

மினுக்கமும் அணையாத வெளிச்சமும்

வெளிச்சத்தைக் கூட்டவும் குறைக்கவும் உதவும் சுவர்க் குமிழ்தான் டிம்மர். பழைய டிம்மர்கள் நூற்றுக்கணக்கான வாட் இழுக்கும் குண்டு பல்புகளுக்காகச் செய்யப்பட்டவை. அதில் 8 வாட் எல்இடியை மாட்டினால் டிம்மருக்குத் தேவையான குறைந்தபட்சச் சுமையே கிடைக்காது. பல்பு நடுங்கும், முனகும், பாதி வழியில் சட்டென்று அணையும். பல்பு டிம் செய்யத்தக்கதா என்பதையும், டிம்மர் எல்இடிக்கானதா என்பதையும் இரண்டு பக்கமும் பார்க்க வேண்டும். கைப்பேசியால் இயக்கும் ஸ்மார்ட் பல்பை டிம்மரில் மாட்டவே கூடாது. மங்கலாக்கும் வேலையை அது தனக்குள்ளேயே செய்துகொள்கிறது.

மலிவான டிரைவர் உள்ள பல்புகள் டிம்மர் இல்லாமலே மினுக்கும். 50 ஹெர்ட்ஸ் மின்சாரத்தில் நொடிக்கு 100 முறை, 60 ஹெர்ட்ஸில் 120 முறை. கண்ணுக்கு நேராகத் தெரியாது, ஆனால் சிலருக்குத் தலைவலியாக வெளிப்படும். வாங்கும் முன் ஒரு சோதனை செய்யலாம். பல்பின் கீழ் ஒரு பேனாவை விசிறிபோல் வேகமாக ஆட்டுங்கள். நல்ல பல்பில் பேனா ஒரே புகைபோல் விரியும். மினுக்கும் பல்பில் தனித்தனிப் பேனாக்களாக, துண்டு துண்டாகத் தெரியும். கைப்பேசியின் ஸ்லோ மோஷன் கேமராவில் பார்த்தாலும் வெளிச்சம் துடிப்பது தெரியும்.

இன்னொரு புகார்: சுவிட்சை அணைத்த பிறகும் பல்பு மின்மினிபோல் லேசாக ஒளிர்கிறது. சுவிட்சிலேயே ஒரு சிறு அடையாள விளக்கு இருந்தால் அதன் வழியே கசியும் சிறிதளவு மின்சாரம் எல்இடிக்குப் போதும். நீண்ட தூரம் அருகருகே ஓடும் ஒயர்களாலும் இது நேரலாம். இவை வெறும் எரிச்சல்தான். ஆனால் மூன்றாவது காரணம் ஆபத்தானது. சுவிட்சை மின்சாரம் வரும் ஃபேஸ் ஒயரில் வைக்காமல், அது திரும்பிப் போகும் நியூட்ரலில் வைத்திருந்தால், அணைத்த பிறகும் ஹோல்டரில் மின்சாரம் இருக்கும். பல்பை மாற்றக் கை வைப்பவரின் உயிருக்கே ஆபத்து. எலக்ட்ரீஷியனை அழைத்துச் சோதித்துவிடுங்கள். தள்ளிப்போடாதீர்கள்.

நாடாபோல் ஒட்டும் ஸ்ட்ரிப் லைட்டுக்கும் ஒரு சொல். 12 வோல்ட் ஸ்ட்ரிப்பை 5 மீட்டருக்கு மேல் ஒரு முனையிலிருந்து மட்டும் இழுத்துக்கொண்டே போனால் மறுமுனை மங்கிவிடும். இரு முனையிலும் மின்சாரம் கொடுங்கள் அல்லது 24 வோல்ட் வாங்குங்கள். மீட்டருக்கு 14.4 வாட் என்றால் 5 மீட்டருக்கு 72 வாட். அடாப்டர் அதற்கு மேல் ஐந்தில் ஒரு பங்காவது கூடுதலாக, 90 வாட்டாக இருக்கட்டும்.

சுவரிலுள்ள சுவிட்சை மறந்துவிடுவது

ஸ்மார்ட் விளக்கில் எல்லாத் தவறுகளுக்கும் தலையாயது இது. சுவிட்சை அணைத்தால் ஸ்மார்ட் பல்புக்கு மின்சாரம் போய்விடும். பிறகு கைப்பேசியில் எத்தனை முறை தட்டினாலும் அது கேட்காது. வீட்டிலுள்ளவர்களோ பல ஆண்டுப் பழக்கத்தில் அறையை விட்டு வெளியேறும்போது கை தானாகச் சுவிட்சுக்குப் போகிறவர்கள். அவர்களைத் திருத்த முயல்வதும், சுவிட்சின் மேல் டேப் ஒட்டுவதும் நியாயமே இல்லை. வீட்டுக்கு வரும் விருந்தினர் இருட்டில் தடவ வேண்டுமா?

நிறமோ கெல்வினோ மாற வேண்டிய இடத்தில் மட்டும் ஸ்மார்ட் பல்பு போதும். ஐந்தாறு விளக்குகள் ஒன்றாக எரியும் அறையில் சாதாரண நல்ல பல்புகளைப் போட்டு, சுவிட்சை மட்டும் ஸ்மார்ட்டாக மாற்றுங்கள். கையாலும் எரியும், கைப்பேசியாலும் எரியும். அதற்கு முன், சுவிட்ச் பெட்டியைத் திறக்கச் சொல்லி நியூட்ரல் ஒயர் இருக்கிறதா என்று எலக்ட்ரீஷியனிடம் கேளுங்கள். பல வீடுகளில் பெட்டிக்குள் ஃபேஸ் வந்து பல்புக்குப் போகும், நியூட்ரல் வராது. நியூட்ரல் தேவைப்படாத ஸ்மார்ட் சுவிட்சுகளும் உண்டு. ஆனால் அவை தம்மை உயிரோடு வைத்துக்கொள்ள பல்பின் வழியே சிறிது மின்சாரத்தை அனுப்பிக்கொண்டே இருப்பதால், முன்பு சொன்ன மின்மினி ஒளிர்வு திரும்பி வரலாம்.

வைஃபை பல்புகள் பெரும்பாலும் 2.4 கிகாஹெர்ட்ஸில்தான் இணையும். கைப்பேசி 5 கிகாஹெர்ட்ஸில் இருப்பதால் முதல் இணைப்பிலேயே பலர் மாட்டிக்கொள்கிறார்கள். ஸிக்பீ என்ற வேறொரு வயர்லெஸ் முறையில் இயங்கும் பல்புகள் ஒன்றுக்கொன்று செய்தியைக் கடத்துபவை. நடுவிலுள்ள ஒன்றைச் சுவிட்சில் அணைத்தால் தூரத்துச் சென்சாரும் சேர்ந்து ஊமையாகும். வாங்கிய வாரத்திலேயே ரூட்டரின் இணைய ஒயரை ஒருமுறை பிடுங்கிப் பாருங்கள். இணையம் இல்லாமலும் விளக்கு சொன்னதைக் கேட்கிறதா? கேட்காவிட்டால், அந்த நிறுவனம் தன் சர்வரை மூடும் நாளில் உங்கள் பல்பு வெறும் பல்பாகிவிடும். 2022இல் வெளியான மேட்டர் என்ற பொதுத் தரம் வீட்டுக்குள்ளேயே கட்டளைகளை முடித்துக்கொள்ளும் விதத்தில் அமைக்கப்பட்டது. புதிதாக வாங்குபவர்கள் அந்த முத்திரையைத் தேடலாம்.

நடமாட்டச் சென்சார்களில் பரவலான வகை, அசையும் உடல் வெப்பத்தையே உணரும். அசையாமல் படித்துக்கொண்டிருப்பவரை அது காணாது, விளக்கை அணைத்துவிடும். நடைபாதைக்கு அது மிகவும் நல்லது. படிக்கும் அறைக்கு வேண்டாம்.

கடைசியாக ஓர் இரவு. இரண்டு மணிக்கு மின்சாரம் போய், சிறிது நேரத்தில் திரும்பியது. வீட்டிலிருந்த அத்தனை ஸ்மார்ட் பல்புகளும் ஒரே நொடியில் முழு வெளிச்சத்தில் எரிந்தன. குழந்தை அலறி எழுந்தாள். மின்சாரம் திரும்பும்போது பல்பு என்ன செய்ய வேண்டும் என்ற அமைப்பு பெரும்பாலான செயலிகளில் இருக்கிறது. வாங்கி வரும்போது அது ‘எரி’ என்றே இருக்கும். மறுநாள் காலை படுக்கையறைப் பல்புகள் எல்லாவற்றையும் ‘முந்தைய நிலை’க்கு மாற்றினேன். படிக்கட்டுப் பல்பை மட்டும் ‘எரி’ என்றே விட்டிருக்கிறேன். கைப்பேசி கையில் இல்லாவிட்டாலும், இணையம் இல்லாவிட்டாலும், அம்மா சுவிட்சை ஒருமுறை அணைத்துப் போட்டால் படிகள் தெரியும்.