லினக்ஸ் போன்: கடற்கரைத் தம்பிகள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஆண்ட்ராய்டுக்கு அடியில் இருப்பதும் லினக்ஸ் என்ற இயங்குதளத்தின் மையப்பகுதியான கெர்னல்தான். ஆனாலும் லினக்ஸ் போன் என்று தனியாகச் சொல்வது, கணினியில் ஓடும் டெபியன், ஆல்பைன் மாதிரியான முழு லினக்ஸையே போனில் ஓட்டுவதைத்தான். பைன்போன், லிப்ரம் 5, உபுண்டு டச் ஏற்றிய போன்கள், பின்லாந்தின் யோல்லா தரும் செயில்ஃபிஷ் எல்லாம் இந்த வழியில் வந்தவை. கீழக்கரை, மண்டபம், ராமேஸ்வரம் பக்கம் கல்லூரிப் பிள்ளைகள் சிலர் இதை வாங்கலாமா என்று கேட்கிறார்கள். தாராளமாக வாங்கலாம். கம்பெனி கைவிட்ட போனுக்கும் அப்டேட் வந்துகொண்டே இருக்கும். உள்ளே என்ன ஓடுகிறது என்பது நமக்குத் தெரியும். பைன்போனை ஒரு டாக் (டிவி, கீபோர்டு, மவுஸ் இணைக்கும் சின்னப் பெட்டி) வழியாக டிவியில் மாட்டினால், லேப்டாப் இல்லாத வீட்டுப் பிள்ளைக்கு அது ஒரு கணினி. ஆசையாக வாங்கியவர்கள் ஒரு மாதத்தில் அலமாரியில் போட்டுவிடுவதைப் பார்க்கும்போதுதான் மனசு கஷ்டப்படுகிறது. அவர்களில் பெரும்பாலானவர்கள் கையிலிருக்கும் ஒரே போனை விற்றுவிட்டு இதற்கு மாறியவர்கள்.

முதல் அடி கால் பேசுவதில் விழும். ஜியோவில் 2ஜி, 3ஜி கிடையாது. சாதாரணக் குரல் அழைப்பும் வோல்ட்டி, அதாவது 4ஜி நெட்டிலேயே குரலை அனுப்பும் முறை வழியாகத்தான் போகும். ஆண்ட்ராய்டு போனாக வந்த ஒன்றில் உபுண்டு டச்சோ, ஆல்பைனை வைத்துச் செய்த போஸ்ட்மார்க்கெட்ஓஎஸ்ஸோ ஏற்றினால், பெரும்பாலான மாடல்களில் இந்த வோல்ட்டி வேலை செய்யாது. அதை நடத்தும் மென்பொருள் தயாரிப்பாளரின் ஆண்ட்ராய்டுக்குள் பூட்டிக் கிடப்பதுதான் காரணம். நெட் ஓடும், நாலு கட்டை சிக்னலும் தெரியும், ஆனால் கால் போகாது. ஏர்டெல் சிம் என்றால் 2ஜிக்கு இறங்கிப் பேசிவிடலாம். பைன்போன் கதை கொஞ்சம் வேறு. அதில் டவரோடு பேசும் பாகமான குவெக்டெல் மோடமுக்குள்ளேயே வோல்ட்டி உண்டு. நம் சிம் நிறுவனத்துக்குப் பொருந்தும் அமைப்பை மோடமில் தேர்ந்தெடுத்தால் போதும். அதனால் "4ஜி உண்டு" என்று விளம்பரத்தில் பார்த்ததோடு நிற்காமல், அந்த மாடலில் வோல்ட்டி வேலை செய்கிறதா என்று தனியாக விசாரியுங்கள். வாங்கியதும் உங்கள் வீட்டு வாசலில் நின்று ஒரு கால் செய்து பாருங்கள், ஒரு காலை வரவழைத்தும் பாருங்கள். பைன்போன் தூங்கும்போது மோடம் மட்டும் விழித்திருந்து, கால் வந்தால் மற்ற பாகத்தை எழுப்பும். எழுந்து மணி அடிக்கச் சில நொடிகள் ஆகும். துபாயிலிருந்து அத்தா கூப்பிட்டு, இரண்டு ரிங்கில் வைத்துவிடும் பழக்கம் உள்ள வீட்டில் இது பெரிய விஷயம்.

அடுத்தது பணம். "வேட்ராய்டு போட்டால் ஆண்ட்ராய்டு ஆப் எல்லாம் ஓடுமாமே, அப்போ யுபிஐயும் ஓடும்தானே?" என்று நிறையப் பேர் கேட்கிறார்கள். ஓடாது. யுபிஐ ஆப் முதன்முதலில் உங்கள் சிம்மிலிருந்து தானாக ஒரு எஸ்எம்எஸ் அனுப்பி, இந்த நம்பர் இந்தப் போனில்தான் இருக்கிறது என்று உறுதி செய்துகொள்கிறது. வேட்ராய்டு என்பது லினக்ஸுக்குள் ஒரு பெட்டிக்குள் ஓடும் ஆண்ட்ராய்டு. அந்தப் பெட்டிக்கு உள்ளே சிம்மே தெரியாது. அதைத் தாண்டினாலும், கூகுளின் பாதுகாப்புச் சோதனையில் தேறாத சாதனத்தைப் பல வங்கி ஆப்கள் திருப்பி அனுப்பிவிடும். இதைச் சுற்றிப்போக வலையில் கிடைக்கும் குறுக்குவழிகளை வங்கிக் கணக்கு வைத்திருக்கும் போனில் முயன்று பார்க்காதீர்கள். வங்கியில் கொடுத்த நம்பர், ஆதாரில் கொடுத்த நம்பர் இரண்டும் பழைய போனிலேயே இருக்கட்டும். லினக்ஸ் போனுக்குத் தனியாக ஒரு சிம் போடுங்கள். வாட்ஸ்அப்பை பிரவுசரில் திறக்கலாம், ஆனால் முதன்மைப் போனை 14 நாள் தொடாமல் விட்டால் அந்த இணைப்பு அறுந்துவிடும்.

இவற்றையெல்லாம் பொறுத்துக்கொள்ளலாம். கடலுக்குப் போகிறவர்கள் செய்யும் தவறைத்தான் பொறுக்க முடியாது. அப்பாவுடனோ சித்தப்பாவுடனோ வல்லத்தில் போகும் பிள்ளைகளுக்கு இதை அழுத்திச் சொல்கிறேன்: இந்தப் போனை நம்பி எல்லை பார்க்காதீர்கள். 1974, 1976 ஒப்பந்தங்கள் வகுத்த இந்திய-இலங்கைக் கடல் எல்லைக்கோடு ராமேஸ்வரத்திலிருந்து எட்டிவிடும் தூரத்தில் இருக்கிறது. தாண்டினால் படகும் போய்விடும், ஆளும் சிறையில் இருக்க வேண்டும். ஆண்ட்ராய்டு போன் நெட் வழியாகச் செயற்கைக்கோள் விவரத்தை முன்கூட்டியே வாங்கிவிடுவதால் சட்டென்று இடம் காட்டும். லினக்ஸ் போனில் அந்த உதவி பெரும்பாலும் அமைந்திருக்காது. வானத்திலிருந்தே முழுவதையும் வாங்க வேண்டியிருப்பதால் முதல் தடவை இடம் பிடிக்கப் பல நிமிடம் எடுக்கும். நீரோட்டம் இழுக்கும் வல்லம் அதுவரை அசையாமல் நிற்காது. எம்.எஸ்.சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனத்தின் மீனவ நண்பன் ஆப், எல்லையை நெருங்கினால் எச்சரிக்கும், காற்று, அலை நிலவரமும் தரும். அது ஆண்ட்ராய்டுக்கு எழுதியது. படகில் ஜிபிஎஸ் கருவி இருந்தாலும் அந்த ஆப் உள்ள சாதாரணப் போன் ஒன்று பிளாஸ்டிக் உறையில் உடன் வரட்டும்.

புயல் எச்சரிக்கையும் இப்படித்தான். 2023-ல் தமிழ்நாடு முழுக்க ஒரே நேரத்தில் போன்கள் அலறினவே, அந்த செல் பிராட்காஸ்ட் (டவரிலிருந்து எல்லாப் போனுக்கும் ஒரே நேரத்தில் எச்சரிக்கை அனுப்பும்) வசதி லினக்ஸ் போன்களுக்கு அண்மையில்தான் வரத் தொடங்கியிருக்கிறது. 1964 டிசம்பரில் தனுஷ்கோடியைக் கடல் கொண்டுபோன மாவட்டம் இது. அக்டோபர் பிறந்தால் வீட்டில் ஒரு சாதாரணப் போனாவது ஆனில் இருக்க வேண்டும்.

தனுஷ்கோடிப் பக்கம் போனால் இலங்கை டவர் பிடிப்பது எல்லோருக்கும் தெரிந்ததுதான். லினக்ஸ் போனில் நெட் இணைப்பைக் கவனிக்கும் நெட்வொர்க் மேனேஜர் ரோமிங் டேட்டாவைத் தானாகத் தடுக்காது. மொபைல் அமைப்புகளுக்குள் போய் ரோமிங்கை நீங்களே அணைத்துவிடுங்கள்.

தமிழ் எஸ்எம்எஸ் கட்டம் கட்டமாக வந்தால் போன் கெட்டுவிட்டது என்று பயப்பட வேண்டாம். எழுத்துரு இல்லை, அவ்வளவுதான். போஸ்ட்மார்க்கெட்ஓஎஸ்ஸில் நோட்டோ தமிழ், டெபியன் வழி வந்த மோபியனில் லோகித் தமிழ் என்று தேடி நிறுவினால் சரியாகிவிடும்.

பைன்போனின் பின்மூடியைக் கழற்றினால் ஆறு சின்னஞ்சிறு சுவிட்சுகள் தெரியும். மோடம், வைஃபை, மைக், இரண்டு கேமரா, ஹெட்போன் என்று ஒவ்வொன்றுக்கும் ஒன்று. மென்பொருளால் மாற்ற முடியாத நிஜ சுவிட்சுகள் இவை. மைக்கை அணைத்தால் போனின் மைக் வழியாக எந்த மென்பொருளாலும் ஒட்டுக்கேட்க முடியாது. இந்தப் போன்மேல் எனக்கு இருக்கும் மதிப்பில் பாதி இதனால்தான். ஆனால் பின்மூடியை மாட்டும்போது நகம் பட்டு முதல் சுவிட்ச் நகர்ந்துவிட்டால் சிம்மே தெரியாது. மென்பொருளை அழித்து மறுபடி ஏற்றும் முன் சுவிட்சுகளைப் பாருங்கள்.

கடைசியாக, எதை வாங்குவது. வெளிநாட்டிலிருந்து வரவழைத்தால் சுங்க வரி சேரும். டிஸ்ப்ளே உடைந்தால் ராமநாதபுரத்தில் மட்டுமல்ல, மதுரையிலும் கிடைப்பது கஷ்டம். 2016-ல் இன்டெக்ஸ் அக்வா ஃபிஷ் என்று செயில்ஃபிஷ் போன் ஒன்று இந்தியாவிலேயே விற்பனைக்கு வந்து, அடுத்த மாடல் இல்லாமலே மறைந்தது. உபுண்டு டச்சை 2017-ல் அதை உருவாக்கிய கெனானிக்கல் நிறுவனம் கைவிட்டபோதோ, யுபிபோர்ட்ஸ் என்ற தன்னார்வலர் கூட்டம் எடுத்து நடத்தி இன்றுவரை உயிரோடு வைத்திருக்கிறது. ஆகவே கம்பெனி பெயரைவிட, அந்த மாடலுக்கு இப்போதும் ஆட்கள் வேலை செய்கிறார்களா என்பதைப் பாருங்கள். பழகிப் பார்க்க நினைப்பவர்களுக்கு நான் சொல்வது 2018-ல் வந்த ஒன்பிளஸ் 6 அல்லது போகோ எஃப்1. செகண்ட் ஹேண்டில் மலிவாகக் கிடைக்கும், பாகங்களும் கிடைக்கும், போஸ்ட்மார்க்கெட்ஓஎஸ் நன்றாகவே ஓடும். வோல்ட்டியை மட்டும் எதிர்பார்க்காதீர்கள். வேறு இயங்குதளம் ஏற்றவிடாமல் பூட்டியிருக்கும் பூட்லோடரைத் திறக்கும்போது போனுக்கு உள்ளே இருப்பதெல்லாம் அழிந்துபோகும். போட்டோ, நம்பர் எல்லாவற்றையும் முதலில் ஒரு பென்டிரைவில் எடுத்து வைத்துக்கொண்டு பிறகு கை வையுங்கள்.