அரசமைப்புச் சட்டத்தை எங்கிருந்து வாசிக்கத் தொடங்குவது?

முதல் பிரிவிலிருந்து வரிசையாகப் படிக்க உட்கார்ந்தால் பத்தாவது பிரிவுக்குள் கண் சொக்கிவிடும். வேறு வழி இருக்கிறது. எழுதியவர்கள் எதற்குப் பயந்தார்கள் என்று தேடிக்கொண்டே படியுங்கள். பிரதி ஒன்றும் பென்சிலும் போதும்.

படி 1: முகவுரையில் பேசுவது யார் என்று பாருங்கள்

1787-இல் எழுதப்பட்ட அமெரிக்க அரசமைப்பும் 1950-இல் நடைமுறைக்கு வந்த இந்திய அரசமைப்பும் மக்களின் குரலில்தான் தொடங்குகின்றன. அயர்லாந்தின் 1937 முகவுரை திரித்துவத்தின் பெயரால் தொடங்கினாலும், சட்டத்தை இயற்றிக்கொள்வது மக்களே. ஆட்சிக்கு அதிகாரம் தருவது மக்களின் சம்மதம் என்ற இந்த எண்ணத்துக்கு 17-ஆம் நூற்றாண்டின் சமூக ஒப்பந்தச் சிந்தனையே வேர். அதிலும் இரண்டு பயங்கள் உண்டு. ஆங்கிலேயத் தத்துவவாதி ஹாப்ஸ் பயந்தது உள்நாட்டுக் கலவரத்துக்கு; அதனால் வலுவான ஆட்சியைக் கேட்டார். இன்னோர் ஆங்கிலேயத் தத்துவவாதி லாக் பயந்தது எல்லை மீறும் ஆட்சியாளருக்கு.

படி 2: நேராகத் திருத்தப் பிரிவுக்குத் தாவுங்கள்

பலரும் இதைக் கடைசிக்குத் தள்ளுவார்கள். எனக்கு இதுதான் முழு ஆவணத்தின் சாவி.

ஜெர்மனியை எடுத்துக்கொள்ளுங்கள். 1919-ஆம் ஆண்டின் வைமார் அரசமைப்பில் உரிமைகளுக்குக் குறைவில்லை. ஆனாலும் 1933-இல் நாடாளுமன்றமே மூன்றில் இரண்டு பங்குக்கு மேற்பட்ட வாக்குகளோடு சட்டம் இயற்றும் அதிகாரத்தை ஹிட்லரின் அரசிடம் கொடுத்தது. எதிர்க்கட்சியினரைக் கைது செய்து, மிரட்டித் திரட்டிய வாக்குகள் அவை. கையாண்டதோ சட்டத்தில் இருந்த வழியை. 1949-இல் புதிதாக எழுதியவர்கள் அந்தக் கதவை அடைத்தார்கள்: மனித மாண்பு, மக்களாட்சி போன்ற அடிப்படைகளை எந்தப் பெரும்பான்மையாலும் திருத்த முடியாது என்கிறது பிரிவு 79(3).

இந்தியாவின் பிரிவு 368-இல் அப்படி ஒரு பூட்டு எழுதப்படவில்லை. 1973-இல் கேசவானந்த பாரதி வழக்கில் உச்ச நீதிமன்றம்தான் அதைப் போட்டது. 13 நீதிபதிகளில் 7 பேர், அரசமைப்பின் அடிப்படைக் கட்டமைப்பைத் திருத்தத்தால் சிதைக்கக் கூடாது என்றார்கள். ஒரே ஒரு நீதிபதி வித்தியாசம்!

படி 3: பென்சிலை எடுங்கள்

அதிகாரம் ஒரே கையில் குவியக் கூடாது என்று பிரெஞ்சுச் சிந்தனையாளர் மான்டெஸ்கியூ 1748-இல் வாதிட்டார். உங்கள் பிரதியில் அது எந்த அளவுக்கு நடந்திருக்கிறது? ஒவ்வொரு பதவிக்கும் எதிரே மூன்றைக் குறியுங்கள்: நியமிப்பது யார், நீக்குவது யார், பணம் ஒதுக்குவது யார். மூன்றிலும் ஒரே பெயர் வந்தால் அங்கே அடிக்கோடு போடுங்கள்.

படி 4: உரிமைகளை விதிவிலக்கோடு சேர்த்துப் படியுங்கள்

இந்திய அரசமைப்பில் பேச்சுரிமையைத் தரும் பிரிவு 19(1)-ஐ மட்டும் படித்து நிறுத்தாதீர்கள். கட்டுப்பாடுகள் 19(2)-இல் இருக்கின்றன. பிறகு நெருக்கடிநிலைப் பகுதிக்குப் போங்கள். 1976-இல், நெருக்கடிநிலையின்போது காவலில் வைக்கப்பட்டவர்கள் ஆட்கொணர்வு மனுவோடு (காவலில் உள்ளவரை நேரில் கொண்டுவந்து காவலுக்குக் காரணம் காட்டக் கோரும் மனு) நீதிமன்றம் வர முடியாது என்று இந்திய உச்ச நீதிமன்றம் 4-க்கு 1 என்று தீர்ப்பளித்தது. 1978-இல் வந்த 44-ஆவது திருத்தத்துக்குப் பின், உயிரையும் தனிமனித சுதந்திரத்தையும் காக்கும் பிரிவு 21-ஐ நிலைநாட்ட நீதிமன்றம் செல்லும் உரிமையை நெருக்கடிநிலையிலும் நிறுத்திவைக்க முடியாது.