ராணுவ வண்டியில் ஏறும் நிருபருக்கு

கவச உடை, தலைக்கவசம் பற்றி எல்லாரும் சொல்லிவிடுவார்கள். நான் காலிலிருந்து தொடங்குகிறேன். 2003 ஈராக் போரில் அமெரிக்காவின் என்.பி.சி. தொலைக்காட்சி நிருபர் டேவிட் புளூம் 39 வயதில் இறந்தது குண்டு பட்டு அல்ல. நாள்கணக்கில் வண்டிக்குள் மடங்கிக் கிடந்ததில் ரத்தம் கட்டி, நுரையீரலில் போய் அடைத்துக்கொண்டது. வண்டி நிற்கும்போதெல்லாம் கேட்டுவிட்டு இறங்கி நடங்கள். கண்ணிவெடி பயம் இருந்தால் டயர் தடத்தைவிட்டு விலகக் கூடாது.

தண்ணீரைக் குறைக்காதீர்கள். ஒதுங்க இடமில்லையே என்று நான் குறைத்தேன். மூன்றாம் நாள் தலைசுற்றி விழுந்தேன். ரோந்து முழுக்க நின்றது. மருத்துவப் படைவீரர் எனக்கு டிரிப் ஏற்றும் வரை பதினோரு பேர் வெட்டவெளியில் காவல் நின்றார்கள். அந்த அவமானம் இன்னும் போகவில்லை.

டூர்னிக்கே பட்டியை, அதாவது ரத்தம் நிற்கக் கை காலில் இறுக்கிக் கட்டும் பட்டியை, பைக்குள் போடாமல் இரண்டு கைக்கும் எட்டுகிற மாதிரி மார்பில் மாட்டுங்கள். காயத்துக்கு நாலு விரல்கடை மேலே, மூட்டின்மேல் இல்லாமல், ரத்தம் நிற்கும் வரை முறுக்க வேண்டும். கட்டிய நேரத்தை அதன்மேலேயே எழுத வேண்டும். 2011இல் லிபியாவின் மிஸ்ரட்டாவில் போர்ப் புகைப்படக்காரர் டிம் ஹெதரிங்டன் ரத்தப்போக்கில்தான் இறந்தார். அதன்பிறகுதான் அவருடைய நண்பர் செபாஸ்டியன் ஜங்கர் போர்முனை நிருபர்களுக்கான முதலுதவிப் பயிற்சியைத் தொடங்கினார். ஒற்றைக் கையால் கட்டப் பழகாமல் கிளம்பாதீர்கள்.

படை தரும் விதிமுறைத் தாளை வரி வரியாகப் படியுங்கள். இரவில் ஃபிளாஷ் கூடாது, இறந்தவர் பெயரை வீட்டுக்குத் தகவல் போகும் முன் வெளியிடக் கூடாது என்பதெல்லாம் நியாயமானவை. இருக்கும் இடம், போகும் இடம் பற்றி வாய் திறக்கக் கூடாது. 2003இல் ஈராக்கில் அமெரிக்கத் தொலைக்காட்சி நிருபர் ஜெரால்டோ ரிவேரா, படை இருக்கும் இடத்தை நேரலையில் மணலில் படம் போட்டுக் காட்டி, படையைவிட்டு வெளியேற வேண்டியதாயிற்று.

ஆயுதத்தைத் தொடவே வேண்டாம். படையோடு செல்லும் நிருபர் பிடிபட்டால் மூன்றாம் ஜெனீவா ஒப்பந்தப்படி போர்க்கைதிக்குரிய பாதுகாப்பு உண்டு; ஆனாலும் அவர் சிவிலியன்தான். ஆப்கானிஸ்தானில் கந்தஹார் பக்கம் ஒரு மண்சுவரில் ஏறும்போது ஒரு சிப்பாய்ப் பையன், "கொஞ்சம் பிடிங்க" என்று துப்பாக்கியை நீட்டினான். யோசிக்காமல் வாங்கிவிட்டேன். பத்து விநாடிதான். தூரத்திலிருந்து பார்ப்பவனுக்கு நான் யார்? அதன்பிறகு ஒரு கையில் கேமரா, மறு கையில் நோட்டு. எதையும் வாங்கக் கை காலியாக இருக்காது.

இதைவிடக் கஷ்டமானது கூட வரும் சிப்பாய்கள்மேல் வரும் பாசம். கடைசி சிகரெட்டைப் பாதி கொடுத்தவனைப் பற்றி எப்படிக் கறாராக எழுதுவது? ராத்திரி படுக்கும் முன் நோட்டைப் புரட்டுங்கள். "அவர்கள் முன்னேறினார்கள்" என்பது "நாங்கள் முன்னேறினோம்" ஆகியிருக்கும். என் நோட்டில் ஐந்தாம் நாளே ஆகிவிட்டது. "எதிரி" என்ற சொல்லும் எப்படியோ நுழைந்திருந்தது, யாருக்கு எதிரி? இரண்டையும் சிவப்பு மையில் சுழித்து, பக்கத்தில் அன்று நான் பார்க்காதவற்றை எழுத ஆரம்பித்தேன்: கதவை உதைத்துத் திறந்ததைப் பார்த்தேன், ஆனால் உள்ளே இருந்தவர்கள் பேசியதை ராணுவ மொழிபெயர்ப்பாளர் வாயால் மட்டுமே கேட்டேன், இப்படி.

அந்தப் பட்டியல்தான் அடுத்த பயணத்துக்கு வழிகாட்டி. முடிந்தால் படையில்லாமல், உங்கள் சொந்த மொழிபெயர்ப்பாளரோடு அதே இடத்துக்குத் திரும்பப் போங்கள். நான் ஒரு வீட்டுக்கு மட்டும் போக முடிந்தது. புதுக் கதவு போட்டிருந்தார்கள். நான் பத்திரிகைக்காரன் என்று சொல்லிக்கொண்டே இருந்தேன். வீட்டுப் பெரியவர் என் முகத்தைப் பார்க்கவே இல்லை, பூட்ஸைப் பார்த்தார். "அன்றைக்கு இவனும் வந்தான்" என்று என் மொழிபெயர்ப்பாளரிடம் சொன்னார். அரை மணி நேரம் வாசலிலேயே நின்ற பிறகுதான் டீ வந்தது.