தொண்ணூறா, தொள்ளாயிரமா? சிறை வகுப்பில் பெரியவர்களுக்கு எண் கற்பிக்கும் முறை

மலேசியாவில், ஜொகூரின் சிம்பாங் ரெங்கம் பக்கம் சிறை வகுப்பு எடுப்பவர்களுக்காக எழுதுகிறேன். எதிரே உட்காருபவர் செம்பனைக் குலை வெட்டியவராக இருக்கலாம், லாரி ஓட்டியவராக இருக்கலாம். குலையைத் தூக்கிப் பார்த்தே எடை சொல்லக்கூடியவர், தாளில் எழுதிய 1,050-ஐ வாசிக்கத் தயங்குவார். ஆகவே முதல் நாளே தேர்வுத்தாள் நீட்டாதீர்கள். வயதில் மூத்தவரை ‘அண்ணே’ என்றே கூப்பிடுங்கள்.

ஒரு வகுப்புக்கு ஆறிலிருந்து எட்டுப் பேர், 45 நிமிடம் போதும். கொண்டு போகும் பொருள்களின் பட்டியலை முன்கூட்டியே வார்டனிடம் காட்டுங்கள். கத்திரிக்கோல், காம்பஸ், ஸ்டேப்ளர் எதுவும் வேண்டாம். எல்லாவற்றையும் வீட்டிலேயே வெட்டி, எண்ணிக் கொண்டு போய், எண்ணிக் கொண்டு வாருங்கள். கோடு போட்ட நோட்டை விடப் பெரிய கட்டம் போட்ட நோட்டுதான் நல்லது. கால்குலேட்டர் முதல் மாதம் வேண்டவே வேண்டாம்.

படி 1: நோட்டு நிறத்தில் அட்டை

ஒரு வெள்ளி (ரிங்கிட்) பண நோட்டு நீலம், பத்து வெள்ளி சிவப்பு, நூறு வெள்ளி ஊதா. இந்த நிறங்கள் எல்லோருக்கும் பழக்கம். அதே நிறங்களில் வெற்று அட்டை வெட்டி 1, 10, 100 என்று எழுதுங்கள். உண்மை நோட்டை நகல் எடுக்காதீர்கள். பத்து நீலம் சேர்ந்தால் ஒரு சிவப்பு, பத்து சிவப்பு சேர்ந்தால் ஒரு ஊதா. கையால் மாற்றி மாற்றிப் பழகட்டும்.

படி 2: காதில் விழுவதும் கையில் எழுதுவதும்

பலரும் சிக்குவது இங்கேதான். ‘ஆயிரத்துத் தொள்ளாயிரத்து ஐந்து’ என்று சொன்னால் 10009005 என்று எழுதுவார்கள். கேட்டதைக் கேட்டபடியே எழுதுகிறார்கள், அவ்வளவுதான். போதாததற்கு, தமிழில் ஒன்பதின் வரிசைப் பெயர்கள் எல்லாமே ஒரு படி மேலே ஒலிக்கின்றன: ஒன்பதில் ‘பது’, தொண்ணூறில் ‘நூறு’, தொள்ளாயிரத்தில் ‘ஆயிரம்’. 90 எழுதச் சொன்னால் 900 வருவதற்குக் காரணம் இதுதான். மலாயில் இந்தச் சிக்கல் இல்லை: செம்பிலான், செம்பிலான் புலோ, செம்பிலான் ராத்துஸ். ஒன்பது வரும் இடத்தில் மட்டும் மலாயில் ஒருமுறை சொல்லிவிட்டு எழுதச் சொல்லுங்கள்.

இதற்கு அடுக்கட்டை, அதாவது ஒன்றன் மேல் ஒன்றாக அடுக்கும் எண் அட்டை, வேண்டும். ஓர் இலக்கத்துக்கு 3 செ.மீ. அகலம். ஆயிரம் அட்டை 12, நூறு 9, பத்து 6, ஒன்று 3 செ.மீ. ஒவ்வொன்றிலும் ஒன்பது வீதம் (1 முதல் 9, 10 முதல் 90 என்று), ஒரு கட்டுக்கு 36 அட்டை. 1000 மேல் 900, அதன் மேல் 5 வைத்து வலது ஓரத்தைச் சேர்த்தால் 1905 தெரியும். சுழியங்கள் அடியில் மறைந்து, பத்தின் இடத்தில் மட்டும் ஒரு சுழியம் மிஞ்சி நிற்பதைக் கண்ணால் பார்க்க வேண்டும். பழக்கத்தில் இடது ஓரத்தைச் சேர்த்துவிடுவார்கள். வலது ஓரத்தில் ஒரு கறுப்புப் புள்ளி வையுங்கள்.

படி 3: மீதிக் காசு

கழித்தல் கணக்கு வேண்டாம், மேலே எண்ணட்டும். பில் 13.65, கொடுத்தது 20 வெள்ளி. 5 காசு சேர்த்தால் 13.70, 30 காசு சேர்த்தால் 14, ஒரு வெள்ளியில் 15, ஐந்தில் 20. மீதி 6.35.

2008 ஏப்ரல் 1 முதல் ரொக்க பில் 5 காசுக்கு முழுமையாக்கப்படுகிறது: 12.32 என்றால் 12.30, 12.33 என்றால் 12.35. அதற்கு முன்பே உள்ளே போனவருக்கு இது புதுசு. வெளியே வந்ததும் ‘கடைக்காரன் ஏமாற்றுகிறான்’ என்று சண்டை வராமலிருக்க இப்போதே சொல்லுங்கள்.

படி 4: சம்பளச் சீட்டு

1,700 வெள்ளிச் சம்பளத்துக்குத் தொழிலாளியின் ஈ.பி.எஃப். (ஊழியர் சேமநிதி) பிடித்தம் 11 விழுக்காடு. பத்து விழுக்காடு 170, ஒரு விழுக்காடு 17, ஆக 187. சொக்சோ (சமூகப் பாதுகாப்புச் சந்தா) தனி.

டன் கணக்கில் ஒரு பொறி உண்டு: 1.25 டன், 1.3 டன்னை விடப் பெரிது என்பார்கள், 25 மூன்றை விடப் பெரிதாயிற்றே! 1.3-ஐ வெள்ளி போல 1.30 என்று எழுத வையுங்கள், தெளிந்துவிடும்.

பின்சேர்ப்பு

எத்தனை வாரம் ஆனாலும் 3-ஐ 8 என்றே வாசிக்கிறார் என்று சிலர் கேட்டிருந்தீர்கள். நாற்பது தாண்டியவர் என்றால் முதலில் வெள்ளெழுத்தா என்று பாருங்கள். தாளைக் கை நீட்டித் தள்ளிப் பிடிக்கிறாரா? வார்டனிடம் சொல்லிக் கண் பரிசோதனைக்குக் கேளுங்கள். கண்ணாடி வரும்வரை அட்டையில் எண்ணை இரண்டு விரல் உயரத்துக்கு எழுதுங்கள்.