சேர்வர் இல்லாமல் பாஸ்ட் பேப்பர் தேட ஒரு வழி

வாழைச்சேனையிலிருந்து பொத்துவில் வரைக்கும் உயர்தரப் பிள்ளைகளின் கம்பியூட்டர்களில் பாஸ்ட் பேப்பர் சிதறிக் கிடக்கிறது. அதை ஒரே இடத்தில் குவிக்காமல், அவரவர் மெஷினிலேயே விட்டுவிட்டுத் தேட வேண்டும் என்றால் முதலில் மெஷின்களை எண்ணுங்கள்.

முப்பது நாற்பதுதான் என்றால் மண்டையை உடைக்க வேண்டாம். தெரிந்த மெஷின்களிடம் கேட்க, அவை தமக்குத் தெரிந்தவற்றிடம் கேட்கும், 2000இல் வந்த நுட்டெல்லா என்ற கோப்புப் பகிர்வு வலையமைப்பு தேடியதும் இப்படித்தான். ஒவ்வொரு கேள்வியிலும் ஒரு எண்ணைப் போட்டு, அது ஒரு மெஷினிலிருந்து அடுத்ததற்குத் தாவும்போதெல்லாம் ஒன்று குறையுங்கள், பூச்சியமானால் நிறுத்துங்கள். ஆளுக்கு 4 அயல், கேள்வி வந்த பக்கம் திருப்பி அனுப்புவதில்லை என்றால் 3 தாவலில் 4, 12, 36 என்று மொத்தம் 52 செய்திதான், ஆனால் 7 தாவல் விட்டால் ஒரே கேள்வி 4,372 வரை பெருகும், பிள்ளைகளின் டேட்டா காட் காலி.

மெஷின் ஆயிரக்கணக்கில் போனால் எந்த மெஷினில் எது இருக்கும் என்பதை இலக்கத்தால் தீர்மானிக்கும் கடெம்லியா (2002) என்ற முறையின் பக்கம் வாருங்கள். மெஷினுக்கும் பேப்பருக்கும் ஒரே மாதிரி இலக்கம் கொடுத்து, இரண்டையும் எக்ஸ்ஓஆர் செய்தால் (0, 1 இலக்கங்களை ஒப்பிட்டு, வேறுபடும் இடத்தில் 1, ஒத்த இடத்தில் 0 போடுவது) வருவதுதான் தூரம். பேப்பர் எங்கே என்ற குறிப்பு அதற்குக் கிட்டிய மெஷினில் இருக்கும். பேப்பர் 0110 என்றால் 0111 மெஷின் 1 தூரம், 0100 மெஷின் 2, 1110 மெஷின் 8. இதில் காத்தான்குடியும் ஆரையம்பதியும் பக்கத்து ஊர் என்பதற்கு மதிப்பே இல்லை! ஒவ்வொரு தாவலிலும் தூரம் பாதியாவது குறைவதால், பத்து லட்சம் மெஷினிலும் இருபது தாவலுக்குள் முடியும்.

சரி, இலக்கம் தெரியாமல் சொல் மட்டும் தெரிந்தால்? தலைப்பைச் சொல் சொல்லாக உடைத்து, ஒவ்வொரு சொல்லையும் ஹாஷ் செய்து (சொல்லை ஒரு இலக்கமாக மாற்றி), அந்த இலக்கத்துக்குக் கிட்டிய மெஷினில் அந்தச் சொல் உள்ள பேப்பர்களின் பட்டியலை வையுங்கள். இரண்டு சொல் தேடினால் சின்னப் பட்டியலை முதலில் எடுங்கள், அதில் உள்ளவற்றை மட்டும் மற்றப் பட்டியலில் பார்த்தால் போதும்.

நான் இரண்டு நாள் முழித்தது இங்கேதான். 'பௌதிகவியல்' தேடினால் பாதிப் பேப்பர் வரவில்லை. பார்த்தால் சிலர் ஒற்றைக் கொம்போடு 'ள' சேர்த்து 'பெளதிகவியல்' என்று அடித்திருக்கிறார்கள், கண்ணுக்கு ஒன்றுதான், ஹாஷுக்கு வேறு. ஒரே எழுத்தின் வெவ்வேறு குறியீடுகளை ஒன்றாக்கும் யுனிகோட் ஒழுங்குபடுத்தலும் இதைத் திருத்தாது. ஹாஷ் செய்வதற்கு முன் நீங்களே ஒரு மாற்று அட்டவணை போட்டுத் திருத்த வேண்டும், அதுவும் 'பெளர்ணமி' மாறட்டும், 'வெள்ளம்' மாறக்கூடாது என்று பார்த்துப் பார்த்து.

அப்புறம், கரண்ட் போனால் மெஷினும் போகும். ஒவ்வொரு பட்டியலையும் கிட்டிய நாலைந்து மெஷினிலாவது வைத்து, மணிக்கொருமுறை புதுப்பியுங்கள்.