புவியியல் பட்டத்துக்குக் கடன் எடுப்பதற்கு முன் போட வேண்டிய கணக்கு

உயர்தரப் பரீட்சையில் புவியியலில் நல்ல பெறுபேறு எடுத்த பிள்ளை அதே பாடத்தில் பட்டம் பெற விரும்பும்போது, கொழும்பிலுள்ள பெற்றோர் பலர் படிப்பின் மொத்தச் செலவையும், பட்டதாரிக்குக் கிடைப்பதாகக் கேள்விப்பட்ட சம்பளத்தையும் அருகருகே வைத்துப் பார்த்துவிட்டு முடிவெடுத்துவிடுகிறார்கள். முதல் தவணை எந்த மாதத்தில் தொடங்கும், முதல் சம்பளம் எந்த மாதத்தில் வரும், கைக்கு வரும் சம்பளத்தில் தவணை எத்தனை பங்கை எடுத்துக்கொள்ளும் என்ற மூன்று கேள்விகளுக்கும் விடை தெரியாமல் அந்த முடிவை எடுக்கக் கூடாது.

முதலில், கடன் தேவைதானா என்று பாருங்கள். கொழும்பு, பேராதனை, யாழ்ப்பாணம், கிழக்கு, தென்கிழக்குப் பல்கலைக்கழகங்களில் புவியியல் கற்பிக்கப்படுகிறது. அரச பல்கலைக்கழகத்தில் உள்ளூர் மாணவருக்கு முதல் பட்டத்துக்குக் கற்பித்தல் கட்டணம் இல்லை. தங்குமிடம், சாப்பாடு, மடிக்கணினி, களப்பயணம் ஆகியவையே செலவு. தகுதியுள்ளவர்களுக்கு மகாபொல புலமைப்பரிசிலோ வேறு நிதியுதவியோ கிடைக்கும். பல்கலைக்கழக அனுமதியைத் தீர்மானிக்கும் இசட் புள்ளி போதாமல் அரச அனுமதி கிடைக்காதவர்களுக்காக 2017 முதல் வட்டியில்லா மாணவர் கடன் திட்டம் ஒன்று இருக்கிறது. வட்டியை அரசாங்கம் ஏற்கிறது. மாணவர் எடுத்த கடன் தொகையை மட்டும் திருப்பிச் செலுத்துகிறார். ஆனால் அங்கீகரிக்கப்பட்ட நிறுவனங்களின் குறிப்பிட்ட பட்டங்களுக்கு மட்டுமே அது பொருந்துவதால், நீங்கள் விரும்பும் பட்டம் அந்த ஆண்டின் பட்டியலில் உள்ளதா என்பதை விண்ணப்பிக்கும் முன் பார்த்துக்கொள்ளுங்கள்.

வங்கிக் கடன்தான் வழி என்றால், தாளை எடுத்துக் கணக்குப் போடுங்கள். உதாரணத்துக்கு, 20 இலட்சம் ரூபாவை 14 சதவீத வட்டிக்கு எடுத்து 5 ஆண்டுகளில் திருப்பிச் செலுத்துவதாக வைத்துக்கொண்டால், மாதத் தவணை ஏறத்தாழ 46,500 ரூபா. படிக்கும் 3 ஆண்டுகளுக்கும் தவணை வேண்டாம் என்று வங்கி சலுகைக் காலம் தந்து, அக்காலத்து வட்டியை மாதந்தோறும் முதலோடு சேர்த்தால், படிப்பு முடியும்போது கடன் 30 இலட்சத்தைத் தாண்டியிருக்கும். தவணையும் ஏறத்தாழ 70,650 ரூபாவாகிவிடும். சலுகைக் காலம் என்ற பெயரைக் கேட்டு மகிழ்பவர்கள் இந்த ஒரு வரியை இரண்டு முறை படிப்பது நல்லது. இப்போது 80,000 ரூபா சம்பளத்தில் ஊழியர் சேமலாப நிதிக்கான 8 சதவீதத்தைக் கழித்தால் மிஞ்சுவது 73,600 ரூபா. சலுகைக் காலம் பெற்றவருக்கு அதில் பஸ் காசுக்குக்கூடப் பெரிதாக எதுவும் எஞ்சாது. பெற்றோருடன் தங்கியிருப்பவருக்குத் தவணை கைச்சம்பளத்தில் ஐந்தில் ஒரு பங்கைத் தாண்டக் கூடாது என்பதும், வாடகை கொடுப்பவருக்கு அதுவும் கூடுதல் என்பதும் என் கருத்து. அடகு வைத்த நகையையும் மாமாவிடம் வாங்கிய கைமாற்றையும் கடன் கணக்கில் சேர்க்காமல் விடாதீர்கள்.

சம்பளத்தைக் கணிக்கும்போது விளம்பரத் துண்டுப்பிரசுரங்களை நம்பாமல், வர்த்தமானியில் வரும் பதவி வெற்றிடங்களின் சம்பள அளவுத்திட்டங்களைப் பாருங்கள். அதே பட்டத்தை மூன்று ஆண்டுகளுக்கு முன் முடித்தவர்களிடமும் விசாரியுங்கள். ஆசிரியர் சேவை, நில அளவைத் திணைக்களம், வளிமண்டலவியல் திணைக்களம், நகர அபிவிருத்தி அதிகார சபை, மண்சரிவு அபாயத்தை ஆராயும் தேசிய கட்டிட ஆராய்ச்சி நிறுவனம் என்று புவியியல் பட்டதாரி முயன்று பார்க்கக்கூடிய இடங்கள் உண்டு. 2025 வரவு செலவுத் திட்டம் அரச ஊழியரின் குறைந்தபட்ச அடிப்படைச் சம்பளத்தை 24,250 ரூபாவிலிருந்து 40,000 ரூபாவாகப் படிப்படியாக உயர்த்த வழி செய்தது. எனினும் அரச ஆட்சேர்ப்பு நினைத்த மாதத்தில் நடப்பதில்லை. கோட்டைப் புகையிரத நிலையத்துக்கு முன்னால் வேலையற்ற பட்டதாரிகள் பதாகையோடு நிற்பதை நாம் பார்த்தே வருகிறோம். ஆகவே வருமானமில்லாத ஓர் ஆண்டையாவது கணக்கில் சேர்த்துவிடுங்கள். தனியார் துறையில் வரைபடத் தரவுகளைக் கையாளத் தெரிந்தவருக்கு வாய்ப்பு அதிகம். அதற்கான கியூஜிஐஎஸ் மென்பொருள் இலவசமாகக் கிடைப்பதால், அதைப் பழகுவதற்கென்று இன்னொரு கடனில் டிப்ளோமா தேவையில்லை.

இங்கிலாந்தில் படிக்க எண்ணுபவர்கள் அந்நாட்டு மாணவர்களுக்கு எழுதப்பட்ட அறிவுரைகளை அப்படியே எடுத்துக்கொள்ளக் கூடாது. 2023 ஆகஸ்டிலிருந்து அங்கு படிப்பைத் தொடங்கிய உள்நாட்டு மாணவர், 25,000 பவுண் ஆண்டு வருமானத்துக்கு மேற்பட்ட தொகையில் 9 சதவீதத்தை மட்டுமே கடனுக்குச் செலுத்துகிறார். 30,000 பவுண் வாங்குபவர் ஆண்டுக்கு 450 பவுண் கட்டுவார், 40 ஆண்டுகளில் எஞ்சியது தள்ளுபடியாகும். வேலை இல்லையென்றால் தவணையும் இல்லை. கொழும்பிலிருந்து மாணவர் விசாவில் போகிறவருக்கு அந்தக் கடன் கிடைப்பதில்லை. அவருடைய வங்கி சம்பளத்தைக் கேட்காமல் தவணையைக் கேட்கும். அதோடு நாணய மாற்று ஆபத்தும் உண்டு: 2022 மார்ச் தொடக்கத்தில் டொலருக்கு 200 ரூபா அளவில் இருந்த விலை மே மாதத்தில் 360 ரூபாவை எட்டியது. அப்போது ரூபாவில் சேமித்து வெளிநாட்டு நாணயத்தில் கட்டணம் செலுத்திய குடும்பங்களுக்கு, இறுதியாண்டுக் கட்டணம் திட்டமிட்டதைவிட வெகுதூரம் போய்விட்டது. எனவே மூன்று ஆண்டுக் கட்டணத்தையும் இன்றைய மாற்று விகிதத்தில் ஒரு முறையும், ரூபா மூன்றில் ஒரு பங்கு மதிப்பிழந்தால் என்னவாகும் என்று இன்னொரு முறையும் போட்டுப் பாருங்கள்.

கடைசியாக, பிணையாளி. ஒப்பமிடும் தந்தைக்கோ தாய்க்கோ ஓய்வு பெற எத்தனை ஆண்டுகள் உள்ளன என்பதைத் தவணை அட்டவணையோடு ஒப்பிட்டுப் பாருங்கள். கடன் முடியும் திகதி அதற்குப் பின்னால் விழுந்தால், கையெழுத்திடும் முன்னரே தொகையைக் குறைக்கவோ, முன்கூட்டியே கட்டி முடித்தால் அபராதம் உண்டா என்று வங்கியிடம் எழுத்தில் பதில் வாங்கவோ வேண்டும்.