ஏ.எல். முடித்த பிள்ளைகளுக்கு: காசில்லாமல் கணினிப் பாடம்

ஏ.எல். எழுதிவிட்டுப் பெறுபேற்றுக்காகக் காத்திருக்கும் யாழ்ப்பாணத்துப் பிள்ளைகளே, இந்த மாதங்களை வீணாக்க வேண்டாம். மொறட்டுவைப் பல்கலைக்கழகம் பைத்தான் என்னும் நிரல் மொழி (கணினிக்குக் கட்டளை எழுதும் மொழி), இணையத்தள வடிவமைப்பு ஆகியவற்றை இணையவழியில் இலவசமாகவே கற்பிக்கிறது. கணினி புதிது என்றால் அங்கேயே தொடங்குங்கள்.

அடுத்தது அமெரிக்காவின் ஹார்வர்ட் பல்கலைக்கழகம் இணையவழியில் நடத்தும் சிஎஸ்50 என்னும் கணினி அறிமுகப் பாடநெறி. முதல் பாடம் கட்டளைத் துண்டுகளை இழுத்து அடுக்கி நிரல் செய்யும் ஸ்கிராட்ச், அப்புறம் சி என்னும் நிரல் மொழி. இதில் கவனிக்க வேண்டிய விஷயம் ஒன்று: எட்எக்ஸ் என்னும் இணையவழிக் கல்வித் தளத்தில் சரிபார்க்கப்பட்ட சான்றிதழுக்குக் கட்டணம் கேட்பார்கள். சிஎஸ்50இன் சொந்தத் தளத்தில் பயிற்சிகளையும் இறுதிச் செயற்றிட்டத்தையும் சரியாக முடித்தால் இலவசச் சான்றிதழ் கிடைக்கும். பலருக்கு இது தெரியாது.

ஆங்கிலம் பயமா? பாடக் காணொளியின் கீழே, பேசுவது எழுத்தாக வரும்படி வையுங்கள், வேகத்தை 0.75 ஆக்குங்கள். திரையில் நிரல் வந்ததும் காணொளியை நிறுத்தி, அதைக் கொப்பியில் எழுதி, என்ன விடை வரும் என்று நீங்களே ஊகித்துவிட்டுப் பிறகு ஓட விடுங்கள். சும்மா பார்த்துக்கொண்டே போனால் ஒன்றும் மனதில் நிற்காது. டேட்டா குறைவென்றால் அமெரிக்காவின் எம்ஐடி பல்கலைக்கழகம் தன் பாடங்களை இலவசமாக வைத்திருக்கும் ஓப்பன்கோர்ஸ்வேர் தளம் நல்லது. பதிவே தேவையில்லை, பாடக்குறிப்புகளைத் தரவிறக்கி வைத்துக்கொண்டு ஆறுதலாகப் படிக்கலாம்.